பார்னபி இடப்பக்கம் ஓடிய வரலாறு

என் மனைவி கலாவதிக்குச் சொந்தமாக ஒரு குதிரை உண்டு. இதைச் சொன்னதும் ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்து முடியும்வரை நான் காத்திருப்பேன். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் தாதியாக நின்றவளுக்கு நோயாளிகள் சொக்கிளேற் கொடுத்தார்கள், பூக்கொத்துக் கொடுத்தார்கள். ஒரு கிழவி மட்டும் உயில் எழுதிக் குதிரை கொடுத்தாள். வீட்டை மகனுக்கு எழுதியிருந்தாள். குதிரையை மகனிடம் விட்டால் அது பட்டினி கிடக்கும் என்று காரணமும் எழுதியிருந்தாள். சட்டத்தரணி அதை வாசித்தபோது மகனே ஓமென்று தலையாட்டினான்.

குதிரையின் பெயர் பார்னபி. மண்ணிறம். வயது இருபத்திரண்டு, மனிதக் கணக்கில் என் வயதுதான். உயரம், எங்கள் லண்டன் செவன் கிங்ஸ் வீட்டு முன்கதவு கொள்ளாத உயரம். அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். அதனால் அதை வீட்டில் வைத்திருக்கவில்லை. ஹெய்னோல்ட் காட்டோரம் மொறீன் என்ற வெள்ளைக்காரி ஒரு லாயம் நடத்துகிறாள். பிறத்தியாரின் குதிரைகள் வாடகைக்குத் தங்கும் இடம். தீனியும் தண்ணீரும் அவள் பொறுப்பு. குதிரையை நடத்துவது சொந்தக்காரர் பொறுப்பு. கலாவதி விடிய வெள்ளென இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்னபியைக் கயிற்றில் பிடித்து ஒரு மணித்தியாலம் நடத்திவிட்டு வருவாள். ஏறிச் சவாரி செய்வதில்லை.

"அவர் வயசுபோனவர். அவருக்கு மேல ஏறி இருக்கிறது மரியாதையோ?" என்பாள்.

நாற்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் என்னைப் பற்றி அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அந்தத் தை மாதம் லண்டனில் விழுந்த குளிரைப் பற்றிக் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். லாயத்து வயலின் நடுவில் ஒரு நரி திங்கட்கிழமை தொடக்கம் வியாழக்கிழமைவரை ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. யாரோ சிலை வைத்துவிட்டார்கள் என்று நினைத்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் வெயில் பட்டதும் அது தூக்கிய காலை இறக்கி வைத்துவிட்டு, ஒருவரையும் பாராமல் போய்விட்டது. எங்கள் வீட்டில் தோசைமா ஒன்பது நாள் புளிக்கவில்லை. பத்தாம் நாள் அதை ரொட்டியாகச் சுட்டுச் சாப்பிட்டோம்.

வயலும் முற்றமும் கண்ணாடியாகக் கிடந்தன. இரண்டாம் நாள் கலாவதி பார்னபியை வெளியே கொண்டுவரப்போய்ச் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். குதிரை ஐந்து நாள் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. ஆறாம் நாள் பின்னங்கால்கள் இரண்டும் தலையணை போல வீங்கிவிட்டன. மொறீன் மிருக வைத்தியரைக் கூப்பிட்டாள்.

வைத்தியர் பெயர் பிஞ்ச். நெட்டையான, மெலிந்த மனிதர். கெட்ட செய்தியை மெதுவாகச் சொல்லிப் பழகியவர். குதிரையின் கால்களைத் தடவினார், தூக்கினார், மடக்கினார், தொப்பியைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றியதும் எனக்கு விளங்கிவிட்டது.

"வயதான மூட்டுகள்" என்றார். "நின்றால் இறுகும். இறுகினால் ஒருநாள் படுக்கும், பிறகு எழும்பாது. பதினாறு நாளில் திரும்ப வருவேன். அன்றைக்கு இந்தக் குதிரை ஓடிக் காட்டவேண்டும். ஓடாவிட்டால், நோகாமல் அனுப்பி வைப்பதுதான் நாம் அதற்குச் செய்யக்கூடிய உதவி."

கலாவதி வீட்டுக்கு வந்து இடது கையால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவினாள். பிறகு அதே கோப்பையைத் திரும்பக் கழுவினாள். மூன்றாம் தரமும் கழுவத் தொடங்கியபோது நான் சொன்னேன்:

"நான் நடத்துறன்."

"நீங்களோ?"

"நான்தான்."

"இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டுப் பூனைக்கே நீங்கள் றோட்டைக் கடந்து அங்காலை போற ஆள்."

"பூனை வேறை. அது கடிக்கும்."

மறுநாள் மொறீன் என்னை மேலும் கீழும் பார்த்து, முன்னே பின்னே குதிரை பிடித்திருக்கிறாயா என்று கேட்டாள். மொறீனின் பேச்சை நான் தமிழிலேயே தருகிறேன். சில சொற்களை விட்டுவிடுகிறேன். எங்கள் நாட்டில் நெடுந்தீவு என்று ஒரு தீவு இருக்கிறது, அங்கே குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன என்று சொன்னேன். அது உண்மை. நான் நெடுந்தீவுக்கு ஒரே ஒருநாள் போனதையும், போன படகில் வாந்தி எடுத்ததையும், குதிரை நின்ற பக்கமே போகாமல் அடுத்த படகில் திரும்பியதையும் அவள் கேட்கவில்லை.

கயிறு கைக்கு வந்துவிட்டது. நடப்பதற்குத்தான் நிலம் இல்லை.

நிலத்தைக் கண்டுபிடித்தது என் சாப்பாட்டுப் பெட்டி. புட்டு ஆறாமல் இருக்கட்டும் என்று லாயத்துப் பின்பக்கம் குவிந்து புகைந்துகொண்டிருந்த எருக்கும்பியின் மேல் பெட்டியை வைத்திருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால் புட்டு, வைத்ததை விடச் சூடாக இருந்தது. ஊரெல்லாம் உறைந்து கிடக்க, அந்தக் கும்பியில் மட்டும் ஒரு பொட்டு ஐஸ் இல்லை. மொறீனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஓ, பழைய வைக்கோலையும் எருவையும் வட்டமாகப் பரப்பினால் குதிரை சறுக்காமல் நடக்கும்" என்றாள். "எல்லாருக்கும் தெரியும். இந்தக் குளிரில் யார் அள்ளிப் பரப்புவது?"

நான் பரப்பினேன். ஒற்றைச் சில்லு வண்டியில் தொண்ணூற்றிரண்டு தடவை. குறுக்காக முப்பது அடி வரும் ஒரு வட்டம். நடுவில் அடையாளத்துக்கு ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தேன். மேலே நின்று பார்த்தவர்களுக்குப் பெரிய உழுந்து வடை ஒன்று ஆவி பறக்கக் கிடப்பது போலத் தெரிந்திருக்கும்.

ஒரு நாளைக்கு நூறு சுற்று வேண்டும் என்றாள் மொறீன். நூறு என்று எண்ணி எனக்குப் பழக்கமில்லை. நூற்றெட்டு என்றால் எண்ணுவேன். கோயிலில் சனம் செய்வது போல நூற்றெட்டுக் கச்சான் கடலையை இடது பொக்கற்றில் போட்டுக்கொண்டு, ஒரு சுற்றுக்கு ஒன்றாக வலது பொக்கற்றுக்கு மாற்றினேன். முதல்நாள் எழுபத்தோராம் சுற்றில் பார்னபி இடது பொக்கற்றுக்குள் மூக்கை விட்டுக் கணக்கை முடித்துவைத்தது. அதோடு எங்கள் இருவருக்கும் ஒரு நட்பு உண்டாகிவிட்டது.

ஆறு நாள் நடந்தேன். குதிரையின் வீக்கம் இறங்கியது. அது அப்படியே என் முழங்காலுக்கு ஏறியது. ஏழாம் நாள் விடிய என்னால் கட்டிலில் இருந்து இறங்க ஏலவில்லை. இன்னும் பத்து நாள் இருந்தது. கலாவதி உடைந்த கையோடு சப்பாத்தைத் தேடத் தொடங்கினாள்.

"நீ இரு. ஆள் பிடிக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் குமுதினிக்குப் போன் எடுத்தேன்.

குமுதினி எங்கள் தெருக்கோடியில் இருக்கிறாள். லண்டனில் எந்தக் கோயிலில் எந்த நாள் என்ன விசேஷம் என்று கோயில் ஐயர்மாரே அவளிடம்தான் கேட்பார்கள். அவளுடைய வட்சப் குழுவில் இருநூற்று நாற்பது பேர். அவளுக்கு நான் பொய் சொன்னேன் என்று பிறகு சிலர் கதை கட்டினார்கள். நான் சொன்னது இரண்டு வசனம். ஒன்று: ஆறு நாளாக நான் ஒரு வெள்ளைக்காரக் குதிரையோடு தினம் நூற்றெட்டுச் சுற்று நடந்தேன். இரண்டு: இன்றைக்குக் காலை கவுன்சில் எனக்குப் போட்ட பார்க்கிங் தண்டத்தை ரத்துச் செய்து கடிதம் அனுப்பியிருக்கிறது. இரண்டும் சத்தியமான உண்மை. இரண்டுக்கும் நடுவில் 'அதனால்' என்ற சொல்லை நான் போடவில்லை. அவள் போட்டாள்.

"அண்ணை, கவுன்சிலோ? தானாகவோ?"

"தானாகத்தான்."

"விடிய எத்தினை மணிக்குத் திறப்பினம்?" என்றாள்.

மறுநாள் எட்டு மணிக்குப் பதினொரு பெண்கள் வந்து இறங்கினார்கள். சேலைக்கு மேலே பஞ்சு ஜாக்கெற், அதற்கு மேலே மவ்ளர், காலில் பனிச் சப்பாத்து. எல்லோர் பொக்கற்றிலும் கச்சான். குமுதினி வட்டத்தைப் பார்த்தாள், கவிழ்த்த வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நடுவில ஒண்டும் இல்லாமல் எதையண்ணை சுத்துறது?" என்று கேட்டுவிட்டுக் கைப்பையில் இருந்து ஒரு வெண்கலப் பிள்ளையாரை எடுத்து வாளியின் மேல் வைத்தாள். அவருக்கு ஒரு அறுகம்புல் மாலையும் போட்டாள். பார்னபி முதல் சுற்றிலேயே கழுத்தை நீட்டி மாலையை மரியாதையாகக் கழற்றி, நிதானமாக மென்று விழுங்கியது.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஏற்றுக்கொண்டிட்டார்" என்றாள் குமுதினி.

அதற்குப் பிறகு நான் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். விசாவுக்குச் சுற்றினார்கள், மகளின் கலியாணத்துக்குச் சுற்றினார்கள், வீட்டுக்கடனுக்குச் சுற்றினார்கள். தூரத்து ஃபாரஸ்ட் கேற்றில் இருந்து வேன் பிடித்து வந்து சுற்றினார்கள். குமுதினிதான் எப்போதும் முன்னுக்கு. அவளுடைய கைப்பையில் வாழைப்பழம் இருந்ததால் குதிரை அவளுக்குப் பின்னால் கன்றுக்குட்டி போலப் போனது. மூன்றாம் நாள் வேகமாக நடந்தது. நாலாம் நாள், ஒரு பெண்ணுக்கு வேலைக்கு நேரமாகி அவள் ஓட்டமாகச் சுற்ற, மற்றவர்களும் ஓட, பார்னபியும் ஓடியது. மொறீன் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "குதிரைக்கு வடை கொடுக்காதீர்கள்" என்று ஒரு பலகை எழுதி வேலியில் தொங்கவிட்டாள். அவளும் இரண்டு வடை சாப்பிட்டாள்.

பதினாறில் பதினோராம் நாள் மொறீன் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏன் எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறார்கள்?"

நான் வட்டத்தைப் பார்த்தேன். பிள்ளையார் வலக்கைப் பக்கம் இருக்க, ஆட்களும் குதிரையும் ஆவி பறக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். இதில் என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை.

"குதிரையை ஒரே பக்கம் திருப்பினால் மற்றப்பக்கம் இறுகிவிடும்" என்றாள். "இப்போதே அது இடப்பக்கம் வளைய மாட்டேன் என்கிறது. வைத்தியர் இரண்டு பக்கமும் ஓடச் சொல்வார். வலப்பக்கம் மட்டும் ஓடுகிற குதிரையை அவர் சுகம் என்று எழுதமாட்டார்."

நூற்றெட்டு நூற்றெட்டாக நாங்கள் பார்னபியைச் சாவை நோக்கியே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் கதிரையில் இருந்து எழும்பிக் கை தட்டினேன்.

"பிள்ளையள், கொஞ்சம் நில்லுங்கோ. இனி மற்றப்பக்கமாச் சுத்துவம்."

வட்டம் நின்றது. குதிரையும் நின்றது.

"மற்றப்பக்கமெண்டால்?" என்றாள் குமுதினி.

"இடப்பக்கமாக."

"அண்ணை, செத்தவீட்டிலதான் அப்பிடிச் சுத்துறது. உயிரோட நிக்கிற சீவனைப் பிடிச்சு ஏன் அப்பிடிச் செய்வான்? பிள்ளையாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

"அப்ப நான் செய்யிறன்" என்று கயிற்றை வாங்கினேன். நான் கோயில் குளம் என்று திரிகிற ஆள் இல்லை. கலாவதி அரிச்சனை செய்யும்போது வெளியே நின்று பேப்பர் வாசிக்கிறவன். ஆனால் இடப்பக்கம் வைக்கத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. எழுபத்தாறு வருடமாக அந்தக் கால் எனக்குத் தெரியாமல் சைவமாக இருந்திருக்கிறது. குதிரையைத் திரும்பிப் பார்த்தேன். அதுவும் மறுத்துத் தலையாட்டியது.

அன்று பின்னேரம் கஸ்பருக்குப் போன் எடுத்தேன். கஸ்பர் மன்னாரான், கத்தோலிக்கன். எண்பத்தைந்தாம் ஆண்டில் ஒரே அகதி அறையில் ஒரே போர்வைக்குச் சண்டை பிடித்தவர்கள் நாங்கள். அவன் பிறகு இருபத்தாறு வருடம் பஸ் ஓடி, இப்போது இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்டு கோலியர்ஸ் வுட்டில் ஓய்வாக இருக்கிறான். ஞாயிறு பூசையைத் தவறவிடாத ஆள்.

"மச்சான், உனக்கு இடப்பக்கமாச் சுத்த ஏலுமோ?"

"டேய் பாலா, நான் இருபத்தாறு வருஷம் இந்த லண்டனைச் சுத்தினவன். எங்கட ஆண்டவர் இடம் வலம் பார்க்கிறேல்லை. என்னத்தைச் சுத்த வேணும்?"

"குதிரையோட."

"சும்மா நடக்கமாட்டன். செபமாலை சொல்லிக்கொண்டுதான் நடப்பன். சம்மதமோ?"

மறுநாள் அவன் பூசைக்குப் போகிற கோட்டோடு, மூன்று றெயில் மாறி வந்து சேர்ந்தான். குமுதினியோடு பேச்சுவார்த்தை பத்து நிமிடம் நடந்தது. முடிவில் காலைச் சுற்று முடிந்ததும் பன்னிரண்டு மணிக்குக் குமுதினி பிள்ளையாரைக் கைப்பைக்குள் எடுத்துவைப்பாள். அதற்குப் பிறகு வட்டம் கஸ்பருடையது. பஸ் டிப்போ போல இரண்டு ஷிப்ட்.

கஸ்பர் கயிற்றைப் பிடித்தான். பார்னபி அசையவில்லை. கஸ்பர் இழுக்கவும் இல்லை. பஸ் நெரிசலில் அகப்பட்டவன் போலப் பொறுமையாக நின்று, செபமாலையைக் கையில் எடுத்து, மன்னார் இராகத்தில் தொடங்கினான். குதிரை ஒரு காதைத் திருப்பியது. மற்றக் காதையும் திருப்பியது. நாலாவது மன்றாட்டில் ஒரு காலை எடுத்து இடப்பக்கம் வைத்தது. சுற்றுக்கு ஒரு மங்கள வார்த்தைச் செபம். ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று. அப்படி இரண்டு முடித்து நூற்றாறு ஆனதும், கஸ்பர் நிற்காமல் இன்னும் இரண்டு சுற்றுப் போனான்.

"அது ரண்டும் குதிரைக்காக" என்றான்.

நாலு நாள் அப்படி நடந்தது. இடப்பக்கமும் வளைந்தது. ஆனால் நடைதான். பிளாஸ்ரிக் இடுப்போடு கஸ்பருக்கு ஓட ஏலாது.

பதினாறாம் நாள் டொக்டர் பிஞ்ச் வந்தார். கையில் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. கலாவதி பிளாஸ்டர் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படலையடியில் நின்றாள். பெண்கள் பதினொரு பேரும் வேலியோரம். வைத்தியர் வருகிற நாள் என்று குமுதினி பிள்ளையாரைக் கொண்டுவரவில்லை. "அவர் ஏதும் கேட்டால் இங்கிலீசில விளங்கப்படுத்த எனக்கு ஏலாது" என்றாள்.

"வலப்பக்கம்" என்றார் பிஞ்ச்.

குமுதினி முன்னால் ஓட, கதிரையில் இருந்து ஆறிய முழங்காலோடு நான் கயிற்றைப் பிடித்து ஓட, பார்னபி பிடரியை உதறிக்கொண்டு ஓடியது. அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. அதை உள்ளே வைத்துக்கொண்டார்.

"இப்போது இடப்பக்கம்."

கஸ்பர் கயிற்றை வாங்கித் தொடங்கினான். குதிரை நடந்தது.

"நடை காணாது. ஓடவேண்டும்."

கஸ்பர் கயிற்றை என்னிடம் தந்துவிட்டு நடுவாளியின் பக்கத்தில் போய் நின்று, செபத்தை எக்ஸ்பிரஸ் வேகத்தில் சொல்லத் தொடங்கினான். நான் காலைப் பார்த்தேன். "கலாவதிக்காக, நாயே" என்று அதற்குச் சொன்னேன். கால் இடப்பக்கம் போனது. நான் ஓடினேன். கயிறு இறுகியது. பார்னபி நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கவில்லை. வேலியோரம் நின்ற குமுதினியைப் பார்த்தது. ஓடும்போது அவள் முன்னுக்கு இருக்கவேண்டும் என்று அது பழகிவிட்டது.

பிஞ்ச் தொப்பியில் கை வைத்தார்.

கலாவதி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குமுதினிக்கு மறுக்க இலகுவாக இருந்திருக்கும். குமுதினி தொப்பியைப் பார்த்தாள், கலாவதியைப் பார்த்தாள், வெறும் வாளியைப் பார்த்தாள்.

"பிள்ளையார் வீட்டில நிக்கிறார்" என்றாள் உரத்து. "வீட்டை போய்த் தலை முழுகினாச் சரி. வாங்கோடி!"

சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு இடப்பக்கமாக ஓடத் தொடங்கினாள். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் பத்துப் பேரும் வேலியைத் தாண்டி வந்து ஓடினார்கள். மவ்ளர்கள் பறந்தன, கச்சான்கள் சிதறின. பார்னபி ஒரு கனைப்புக் கனைத்தது. அதைக் கேட்டு ஹெய்னோல்ட் காட்டில் மரங்களில் இருந்த பனி முழுவதும் ஒரேயடியாகக் கொட்டியது. பிறகு அது ஓடியது. நான் ஓடினேன் என்று சொல்லமாட்டேன். ஒரு சுற்றுக்கு மூன்று இடத்தில் என் கால் நிலத்தில் பட்டது. நடுவில் கஸ்பர் மூச்சு விடாமல் செபமாலையின் பத்து மணியை ஒரே மணியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஓட ஓட எரு சூடாகி ஆவி எழும்பி, இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. ஆவிக்குள் இருந்து ஒரு குதிரைத்தலை வரும், பதினொரு சேலை வரும், பிறகு நான் வருவேன்.

நாலாம் சுற்றில் பிஞ்ச் தொப்பியை இறுக்கித் தலையில் அழுத்திக்கொண்டார். "நான் இனி வரத் தேவையில்லை" என்று மொறீனிடம் சொன்னார். "அடுத்த மாரிக்கும் இந்தக் குதிரை நிற்கும்." பெட்டியைத் திறக்காமலே கொண்டுபோய்க் காருக்குள் வைத்தார். மொறீன் அவரைக் கட்டிப்பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆவிக்குள்ளாலே பார்த்ததால் சத்தியம் செய்யமாட்டேன்.

ஒருவரும் நிற்கவில்லை. சொன்னது காதில் விழுந்த பிறகு இன்னும் வேகமாக ஓடினார்கள். கூவினார்கள். குமுதினி மூன்று தடவை "அரோகரா" சொன்னாள், கஸ்பர் மூன்று தடவைக்கும் "ஆமென்" சொன்னான்.

கலாவதி படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கண்ணைத் துடைக்க அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. அதையும் உயர்த்திப் பிடித்தாள்.

"போதும், ராசா. நில்லுங்கோ."

பார்னபி உடனே நின்று தலையை அவள் தோளில் வைத்தது. நான் நிற்க இன்னும் இரண்டு சுற்று எடுத்தது.